ஒரு பொட்டு அகில்

செவ்வூரணியில் மரம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு பெண்பிள்ளையை இப்படியா படுத்துவார்கள் என்று அந்த ஊர்க்காரர்களைத் திட்டத் தோன்றும். திட்டலாம், ஆனால் இதையும் தெரிந்துகொண்டு திட்டலாம். நாலுவழிச் சாலை வந்தபோது, பேருந்து நிறுத்தத்திலிருந்து சார்பதிவாளர் அலுவலகம் வரைக்கும் இரண்டு வரிசையாக நின்ற நூற்றுப்பதினேழு புளியமரங்களையும் ஒரே வாரத்தில் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் நிழல் என்றால் மின்கம்பத்தின் நிழல், தண்ணீர்த் தொட்டியின் நிழல், நிற்கிற லாரியின் நிழல், லாரி கிளம்பினால் அதுவும் போயிற்று. மின்கம்பத்தின் ஒல்லி நிழலுக்குள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராகப் பன்னிரண்டு பேர் வரிசை பிடித்து பஸ்ஸுக்கு நிற்பதையும், வெயில் நகர நகர அந்த வரிசையும் கடிகார முள்ளைப் போல நகர்வதையும் வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவள் அங்கயற்கண்ணி. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் இருபத்தொரு வயதில் வாரிசு வேலைக்கு வந்தவள். தம்பி தவசியைப் படிக்கவைத்தாள், அவனுக்குப் பெண் பார்த்தாள், வந்த பெண் செல்லக்கிளிக்கு இரண்டு பிரசவமும் கூட இருந்து பார்த்தாள், இதற்கு நடுவில் தன் கல்யாணத்தை யாராவது பேசுவார்கள் என்று கொஞ்ச காலமும், யாரும் பேசாமல் இருந்தால் தேவலை என்று கொஞ்ச காலமும் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதுக்கு வந்து சேர்ந்திருந்தாள். வீட்டில் சிலிண்டர் தீர்ந்தாலும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அலுவலகத்தில் பிரிண்டர் நின்றாலும் கைரேகை இயந்திரம் மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், பெயர் நீளமாக இருக்கிறதென்று எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட.

ஒரு சித்திரை மாதம் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போனாள். திரும்புவதற்கு நேரம் இருந்ததால் பொழுது சாய்கிற நேரத்தில் விளக்குத்தூண் பக்கம் சும்மா நடந்தாள். ஒரு சந்துக்குள் ஆள் ஒருவர் நுழைகிற அகலத்துக்கு ஓர் அத்தர் கடை இருந்தது. கடைக்காரர் கேட்காமலேயே ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்து அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தார்.

அவள் மோந்து பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "என்னங்க இது, ஆட்டுக்கிடை வாடை அடிக்குது!"

"கறுப்பு அகில் எண்ணெய்ம்மா. முதல்ல அப்படித்தான் முறைக்கும்" என்றார் கடைக்காரர். "நாலு மாசி வீதியையும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அப்பவும் பிடிக்கலைன்னா சோப்புத் தாரேன், கழுவிட்டுப் போங்க."

கீழமாசி வீதி முழுக்க ஆட்டுக்கிடையும் டிஞ்சரும் கலந்த முரட்டு வாடை அவளோடு கூடவே வந்தது. வடக்கு மாசி வீதியில் திரும்பியபோது ஆடு போய்விட்டது, டிஞ்சர் போய்விட்டது, மழையில் ஊறிய கட்டையைக் கோடரியால் பிளந்த மாதிரி கறுப்பாக ஒன்று வந்தது. வாசனைக்கு நிறம் உண்டென்று அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. மேலமாசி வீதியில் அது புகைந்தது, அணைத்த அடுப்பின் கரியைப் போலக் கசந்தது, அந்தக் கசப்புக்கு அடியில் பாகு காய்கிற சட்டியின் இனிப்பு மெல்ல மெல்ல ஏறியது. தெற்கு மாசி வீதிக்கு வந்தபோது எல்லாம் அடங்கி, ரொம்ப நாளாக யாரும் திறக்காத மரப்பெட்டிக்குள் இருக்கிற இருட்டும் குளிர்ச்சியும் மட்டும் மிஞ்சின. அவள் ஜவுளிக்கடை வாசலில் கூட்டத்துக்கு நடுவில் நின்று மணிக்கட்டை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் யாரும் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

திரும்பிப் போய்ச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குப்பி வாங்கினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு, மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது, ஒன்பது மணி வெயிலில் அவளைச் சுற்றி நிழல் விழுந்தது. மேலே மரமும் இல்லை, மேகமும் இல்லை. கீழே, நாலாபக்கமும் ஆறேழு அடிக்கு, அடர்ந்த நிழல். அதற்குள் இலைகள் அசைந்தன, இலைகளுக்கு நடுவே வெயில் காசு காசாக ஆடியது. அவள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. முதலில் ஒரு வெள்ளாடு வந்து அதற்குள் படுத்தது. பஸ் நிறுத்தத்தில் மின்கம்பத்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வரிசை கலைந்தது, பன்னிரண்டு பேரும் வந்து அவளைச் சுற்றி நின்றுகொண்டு முந்தானையாலும் துண்டாலும் கழுத்தைத் துடைத்தார்கள்.

வெள்ளரிக்காய் விற்கிற அன்னத்தாய் தன் கூடையை நகர்த்திப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு எட்டு இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, காய் வாடுது" என்றாள்.

அங்கயற்கண்ணி தள்ளி நின்றாள். இது எப்படி என்று யாராவது கேட்பார்கள், நமக்கும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று அவள் வாயைத் தயார் செய்துகொண்டு நின்றாள். ஒருவரும் கேட்கவில்லை. பஸ் வந்தபோது, "நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான வருவீங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அந்த நிழலுக்கு நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெயில் வட்டம் இருந்தது. அவள் நின்றது அதில்தான்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அந்த நிழலோடு பழகிவிட்டது. பத்திரம் பதிய வருகிறவர்கள் வாசலில்தானே காய்கிறார்கள் என்று சார்பதிவாளர் அவளுடைய மேசையையும் கணினியையும் வாசலுக்கு நகர்த்தச் சொன்னார். மேசை வாசலுக்கு வந்ததும் பத்திர எழுத்தர் சூசைமாணிக்கம் தன் மேசையை அதன் இடது பக்கம் போட்டுக்கொண்டார், எதிரே டீக்கடை வைத்திருந்த சங்கிலி தன் பெஞ்சுகளை வலது பக்கம் கொண்டுவந்து போட்டார், அன்னத்தாய் கூடையோடு முன்பக்கம் உட்கார்ந்தாள், பின்பக்கம் மூன்று ஆடுகள். சாயங்காலம் வீடு திரும்புகிற பஸ்ஸில் அவளுக்கு மேற்குப் பக்க ஜன்னலைக் கண்டக்டர் ஒதுக்கிவைத்தார், அவள் வராத நாளில் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்திவைத்துப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகைகளில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே 'அக்கா வருகை காலை பத்து மணி' என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அம்மன் கோயில் பூசாரி இது அம்மனுடைய குடைதான் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார், பள்ளிவாசல் ஹஜ்ரத் இதற்கெல்லாம் கதை கட்டக் கூடாது, நிழல் ஆண்டவனுடையது என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார், சாமி கிடையாது என்று மேடையில் பேசுகிறவர் இதில் சாமி எங்கே வந்தது என்று கேட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. நிழலில் உட்கார்ந்தால் மனிதனுக்குப் பேச்சு வருகிறது. மகன் பேசுவதில்லை என்று ஒருவர் சொன்னார், மருமகள் பேசுகிறாள் என்று இன்னொருவர் சொன்னார், வில்லங்கச் சான்றிதழுக்கு வந்த ஒரு பெண் தன் பதினேழு வருஷத்து வில்லங்கத்தையும் சொல்லி அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, மனசு லேசாகி, சான்றிதழை வாங்க மறந்து போய்விட்டாள். அங்கயற்கண்ணி ஒரு காதில் இதைக் கேட்டுக்கொண்டு, கணினியில் சர்வே எண்ணைத் தட்டிக்கொண்டு, உச்சந்தலையில் வெயிலை வாங்கிக்கொண்டு இருந்தாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். வாசனையைப் பற்றி ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னைக்குப் புகை கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா" என்பார் சங்கிலி, டீ ஆற்றிக்கொண்டே. "நேத்து அளவு கரெக்ட்."

"நேத்தா? நேத்து கசப்பு" என்பார் சூசைமாணிக்கம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "முந்தாநாள்தான் எடுப்பா இருந்துச்சு. மழை வாசம் அப்படியே நின்னுச்சு. நேத்து சரியாத் தூங்கலையோ என்னமோ."

"எனக்கென்னமோ அந்த முத அரைமணி நேரந்தான் பிடிக்குது, ஆட்டு வாடை, எங்க வீட்டு வாசல்ல நிக்குற மாதிரி" என்பாள் அன்னத்தாய். கொத்தனார்கள் அந்த ஆட்டு வாடை நேரத்துக்கே வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள். தாய்மார்கள் பதினொரு மணிக்கு இனிப்பு ஏறுகிற நேரம் பார்த்துக் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். மூன்று மணிக்கு மேல் வருகிற அந்தப் பெட்டிக்குள் இருக்கிற இருட்டுக்கு வயசானவர்கள் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இருட்டுக்காகத்தான் அவள் அந்தக் குப்பியை வாங்கினாள். காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருப்பாள். அது வந்து, அவள் மணிக்கட்டை மூக்குப் பக்கம் தூக்கும்போதெல்லாம், "அக்கா, கையை இறக்குங்க, கிளை ஆடுது, பிள்ளை மூஞ்சியில வெயில் படுது" என்று யாராவது சொல்வார்கள்.

ஒருநாள் யாரோ அவளுடைய நாற்காலிக் கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் போட்டாள். மறுநாள் ஏழு கயிறும் ஒரு குட்டித் தொட்டிலும் தொங்கின. இன்னொரு நாள் சாலை போடுகிற துறையிலிருந்து ஓர் ஆள் பெயிண்ட் டப்பாவோடு வந்து, சாலையோர மரங்களுக்கெல்லாம் நம்பர் போட வேண்டும் என்று உத்தரவு, இந்த ஊரில் இது ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்கே எழுதுவது என்று அவளைச் சுற்றி வந்தான்.

"நான் கவர்மெண்டு ஊழியர்!" என்று அவள் கத்தினாள். "எனக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கு!"

"அப்ப அதையே சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன்" என்றான் அவன், பணிவாக.

வீட்டில் வேறு மாதிரி. "மதினி, இன்னைக்கு மொட்டை மாடிக்கு வந்துராதீங்க, வத்தல் காயணும்" என்பாள் செல்லக்கிளி, தலையைத் தூக்காமலேயே. வத்தல் காய வேண்டும், மிளகாய் காய வேண்டும், பிள்ளைகளின் யூனிஃபார்ம் காய வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தேவைப்பட்ட அங்கயற்கண்ணி சொந்த வீட்டு மாடிக்கு மட்டும் தேவைப்படவில்லை. தவசி அவனுடைய பைக்கை அவள் அறை ஜன்னலுக்கு நேராக நிறுத்த ஆரம்பித்தான், சீட் சுடாமல் இருக்கும் என்று.

புரட்டாசியில் அவள் அத்தர் போடுவதை நிறுத்தினாள். முதல் நாள் ஊர் அவளைக் கவலையோடு பார்த்தது. இரண்டாம் நாள் சங்கிலி டீயில் இஞ்சி தட்டிப்போட்டுக் கொண்டுவந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார், பூசாரி திருநீறு கொடுத்தார், ஹஜ்ரத் ஓதிய தண்ணீர் கொடுத்தார், அன்னத்தாய் ஒன்றும் கொடுக்காமல் வாடின காய்களை எடுத்து எடுத்துக் காட்டினாள். மூன்றாம் நாள் அங்கயற்கண்ணிக்கே பொறுக்கவில்லை. ஊருக்காக இல்லை. சோறு சோறாக இருந்தது, காகிதம் காகிதமாக இருந்தது, எதற்குள்ளும் எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. லீவு போட்டுவிட்டு, அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, அப்பாடா என்று மூச்சை இழுத்தாள். அரைமணி நேரம் கழித்து வெளியே செருமல் கேட்டது. நிழல் சுவரைத் தாண்டி விழுந்திருந்தது. ஜன்னலைத் திறந்தால், சுவரோரமாக இருபத்திரண்டு பேர் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க சத்தமே போடலையேக்கா" என்றார் சூசைமாணிக்கம், நியாயமாக.

அன்றைக்கே அவள் உட்கார்ந்து மாறுதல் விண்ணப்பம் எழுதினாள். மலைமேல் சோலைமடுவு என்றோர் ஊர், சுற்றிலும் காடு, அங்கே பதிவு அலுவலகத்தில் ஓர் இடம் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. குளிருக்கும் அட்டைக்கும் பயந்து யாரும் கேட்பதில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிட்டு, அந்தச் சொந்தம் என்ற சொல்லை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் உத்தரவு வந்தது. உத்தரவு வந்த மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. 'எங்கள் ஊரின் ஒரே நிழலை மலைக்குக் கடத்தாதே' என்று தட்டி எழுதி வைத்தார்கள், மூவாயிரத்து இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவை, இலக்கணப் பிழையில்லாமல், சூசைமாணிக்கமே எழுதினார். மனுவின் வாசகம் இப்படி இருந்தது: 'மேற்படி நிழலானது பொதுமக்களின் நீண்டநாள் அனுபவ பாத்தியதையில் இருந்துவருவதால்.' அங்கயற்கண்ணி அதில் 'அனுபவ பாத்தியதை' என்ற இடத்தில் விரலை வைத்தாள். இருபத்தேழு வருஷமாக நிலத்துக்கும் கிணற்றுக்கும் வண்டிப்பாதைக்கும் எழுதப்பட்டு அவள் பார்த்த வார்த்தை அது.

தாசில்தார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுத் தாலுகா அலுவலக முற்றத்தில் பேச்சுவார்த்தை வைத்தார். கூட்டத்தை உள்ளே அடைக்க முடியாது என்பதால் முற்றம். முற்றத்தில் வெயில் என்பதால் அவளை நடுவில் உட்காரவைத்தார்கள். அவளைப் பற்றிய பேச்சுவார்த்தைக்கும் அவளே நிழல். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அவள் இருந்ததால் தம்பிக்கும் தனக்கும் பாகம் பிரிந்ததென்று ஒருவர், அவள் இருந்ததால் தன் குழந்தைக்கு வேர்க்குரு போயிற்று என்று ஒருத்தி, இப்படி எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள், ஒருவர்கூட அவளைக் குறைசொல்லவில்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் தாசில்தார் கடைசியில்.

அவள் எழுந்து நின்றாள். பேச ஆரம்பித்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஒன்பது மாசமா உங்க எல்லாருக்கும் நிழல். சரி. எனக்கு? என் நெத்தியப் பாருங்க, தோல் உரிஞ்சு கிடக்கு. நடுவுல நிக்கிறவ மேல வெயில் விழுதுன்னு இந்த ஊர்ல ஒருத்தராவது பாத்தீங்களா? மூவாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, ஒருத்தராவது ஒரு குடைய நீட்டினீங்களா? நான் ஒரு அத்தர் வாங்கினேன். எனக்குன்னு. பிறந்ததுலேர்ந்து எனக்குன்னு வாங்கின ஒரே சாமான் அது. அதை நான் மோந்து பாக்க ஒரு அஞ்சு நிமிஷம் விட்டீங்களா? புகை தூக்கலாம்! கசப்பாம்! கையை இறக்கணுமாம்! என்னை யாருன்னு நெனச்சீங்க எல்லாரும்?"

அவள் கத்தக் கத்த இலைகள் உதிர்ந்தன. நிழல் இலைகள்தான், சத்தமில்லாமல், எடையில்லாமல், கறுப்பாக, நூறு நூறாக, ஆட்கள் தோளிலும் மடியிலும் தாசில்தாரின் மேசையிலும் விழுந்து, கொஞ்ச நேரம் கிடந்து, வெயிலில் கரைந்தன. முற்றம் வெளுத்துக்கொண்டே வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"தை மாசம்தான" என்று சங்கிலி பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். "உதிரத்தான் செய்யும். பங்குனியில துளிர்த்துரும்."

அதைக் கேட்டதும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊரிடம் கோபப்படக்கூட முடியாது; கோபத்தையும் பருவம் என்று எடுத்துக்கொள்கிற ஊர்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து செல்லக்கிளி எழுந்தாள். அக்கா போனால் வீட்டை யார் பார்ப்பார்கள் என்று தவசி ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்ததால், இவளும் அதைத்தான் சொல்லப் போகிறாள் என்று அங்கயற்கண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார், அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள் செல்லக்கிளி. "அதை அடிச்சிருங்க. எங்க மதினி போகட்டும்."

வேறு யாரும் தங்கள் கையெழுத்தை அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் தாசில்தார் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிழலைக் காரணம் காட்டி ஓர் ஊழியரை நிறுத்திவைக்க எங்கேயும் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வாரக் கடைசியில் அங்கயற்கண்ணி ஒரு டிரங்குப் பெட்டியோடு மலைக்குப் போனாள். பஸ் கிளம்பியபோது அவளுடைய நிழலும் சாலையில் கூடவே ஓடியது, ஊர் எல்லை வரைக்கும் ஆடுகள் அதன் பின்னால் ஓடி வந்தன.

சோலைமடுவில் அவளை யாரும் கவனிக்கவே இல்லை. அலுவலகத்தில் மூன்றே பேர், வாரத்துக்கு நாலைந்து பத்திரம். வாசலைத் தாண்டினால் மரம், மரத்துக்குப் பின்னால் மரம், தரையெல்லாம் நிழல்மேல் நிழல். அதில் அவளுடைய நிழல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் தலைக்கு மேலே இருந்த வெயில் வட்டத்தையும் ஏதோ ஒரு நாவல் மரம் மூடிவிட்டது. ஈரக் காற்றில் அகில் மணம் தெருவுக்கெல்லாம் ஓடாமல், தோலோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. மணிக்கட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் தெரிந்தது. மூன்று மணிக்கு அந்த இருட்டு வரும்போது அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே போய் ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்வாள். நெற்றித்தோல் ஆறியது. இரண்டு மாதம் அவள் யாரிடமும் எரிந்து விழவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சங்கிலி டீக்கேனோடு இறங்கினார். சூசைமாணிக்கம் இறங்கினார், அன்னத்தாய் ஒரு கூடை வெள்ளரிக்காயோடு இறங்கினாள், பூசாரி, ஹஜ்ரத், கொத்தனார்கள், கைக்குழந்தைகள், கடைசியாகச் செல்லக்கிளி. மொத்தம் இருபத்தாறு பேர்.

"துளிர்த்துருச்சாக்கா?" என்றார் சங்கிலி.

அங்கயற்கண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க பாருங்க" என்று கையை நீட்டி மலையைக் காட்டினாள். "கண்ணுக்கு எட்டுன மட்டும் மரம். நிழல்தான உங்களுக்கு வேணும்? எங்கயாவது போய் உக்காருங்களேன்! நான்தான் கிடைச்சேனா?"

சங்கிலி நாலாபக்கமும் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கொஞ்சம் பயந்துபோய், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லாத மரம்க்கா" என்றார் அவர்.

நீட்டிய கையை அவள் இறக்கினாள்.

"உங்க நிழல் எதுக்கா?" என்று அன்னத்தாய் தரையை உற்றுப் பார்த்தாள். "இங்க எல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்கு."

இருபத்தேழு வருஷம் ஒரு பொய்ப் பத்திரத்துக்கும் துணைபோகாத அங்கயற்கண்ணி, சரிவில் அரை பர்லாங் தூரத்தில் தனியாக நின்ற ஒரு பெரிய மரத்தைக் காட்டினாள். "அதோ, அது."

அவர்கள் போனார்கள். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள், சங்கிலி கேனைத் திறந்தார், குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. அதே வாசம்தான் என்று சூசைமாணிக்கம் உரக்கச் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. செல்லக்கிளி மட்டும் போகவில்லை. அவள் பாறையில் வந்து மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீயும் போ. நிழல் அங்க இருக்கு" என்றாள் அங்கயற்கண்ணி.

"அது இல்லைன்னு எனக்குத் தெரியும் மதினி."

"எப்படித் தெரியும்?"

"ஒன்பது மாசம் உங்க சேலையைத் துவைச்சவ நான்தான?" செல்லக்கிளி புல்லைக் கிள்ளிக்கொண்டே பேசினாள். "முக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாப்பேன். தினமும். மாடியில நின்னு. நீங்க வந்துட்டா எப்படிப் பாக்குறது? அதுக்குத்தான் வத்தல் காயுதுன்னு சொல்லுவேன்."

அங்கயற்கண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தவள். குப்பியை இடுப்பிலிருந்து எடுத்து, மூடியைத் திருகி, நீட்டினாள். செல்லக்கிளி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, வேண்டாம் மதினி. அப்புறம் என்னைச் சுத்தி உக்காந்துருவாங்க."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேலே ஏதோ பறவை பறந்து போயிற்று.

அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. சித்திரையில் வந்தபோது அவள் வாசலில் நிறுத்தி, சௌக்கியம் கேட்டுவிட்டு, மரத்தடிக்குப் போனார்கள். வைகாசியில் வேன் நிற்காமலே போனது, சங்கிலி மட்டும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். ஆனியில் யாரும் கையைக்கூட ஆட்டவில்லை. செல்லக்கிளியும் அந்த மாதம் வரவில்லை, பிள்ளைகளுக்கு அம்மை. வந்தவர்கள் நேராகச் சரிவுக்குப் போய், மரத்தில் கயிறு கட்டி, தொட்டில் கட்டி, அடிமரத்துக்கு மஞ்சள் பூசி, துணி விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பாறையில் உட்கார்ந்து அங்கயற்கண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி மரத்தைப் பார்த்துத் தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மரம் கேட்டுக்கொண்டு நின்றது. அந்த மருமகளுக்கு என்ன ஆயிற்று, வயிற்றில் குழந்தை தங்கியதா, அந்த அண்ணன் தம்பிகள் மறுபடியும் அடித்துக்கொண்டார்களா, மருமகள் என்ற சொல்லுக்குமேல் ஒன்றும் இங்கே கேட்கவில்லை. மூன்று மணி ஆகி, மணிக்கட்டில் அந்த இருட்டு வந்தது. அவள் மோந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிவைப் பார்த்தாள்.

"பாருங்க இந்தச் சனத்தை" என்று அவள் யாரிடமும் இல்லாமல் சொன்னாள். "வந்தா வந்தேன்னு ஒரு வார்த்தை? ஏதோ ஒரு மரம், முன்னப்பின்ன தெரியாத மரம், அதுங்கிட்ட போய் எல்லாத்தையும்..."

கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் விறுவிறு என்று இறங்கினாள். அவள் வருவதைப் பார்த்துப் பேச்சு நின்றது. இருபத்தைந்து முகங்களும் அண்ணாந்து பார்த்தன. யாராவது எழுந்து, வாங்கக்கா, நடுவில் வந்து நில்லுங்கக்கா என்று சொல்லிவிட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவது என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. நிழலுக்கு வந்த எவரையும் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார்கள்.

"தள்ளி உக்காருங்க" என்றாள் அங்கயற்கண்ணி.

அன்னத்தாய் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். அவள் காலை மடக்கி உட்கார்ந்தாள், அடிமரத்தில் முதுகைச் சாய்த்தாள், சங்கிலி நீட்டிய டீயை வாங்கிக்கொண்டாள்.

"ம், சொல்லு" என்றாள், பாதியில் நிறுத்திய அந்தப் பெண்ணிடம். "அப்புறம் உன் மருமக என்ன சொன்னா?"